ஓரகத்திக்குச் செய்த டிரம்

என் வீட்டுக்காரர் என் ஓரகத்திக்குச் செய்து கொடுத்த டிரம்மை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

வாலை என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். இலையையோ பூவையோ ஆவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரவைத்து, எண்ணெயாகவும் வாசனைத் தண்ணீராகவும் வடித்தெடுக்கிற பாத்திரம். எங்கள் வீட்டில் அதற்கு டிரம் என்றுதான் பெயர். ஓரகத்தி என்றால் என் கொழுந்தனின் மனைவி. மாடியில் குடியிருக்கிறாள். கொழுந்தன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்கமாட்டார். இவள் பின்பக்கத்துக் காலி மனையில் எலுமிச்சம்புல் வளர்த்தாள். பிரஷர் குக்கரின் மூக்கில் குழாயைச் செருகி அதிலிருந்து எண்ணெய் வடித்துப் பார்த்தாள். அடுப்புத் தீயில் அடிப்பிடித்து, எண்ணெயில் தீய்ந்த வாடை அடித்தது. சோப்பு செய்து விற்கிற ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு, இந்த வாடை மட்டும் இல்லாமல் கொடுத்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகவும், அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார்.

அவருக்குத் தெருக்கோடியில் வெல்டிங் பட்டறை. கேட், கிரில், படிக்கட்டுக் கைப்பிடி. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் ஊர் ஆச்சரியப்படும். அப்படிப்பட்ட மனிதர் தினமும் சாயங்காலம் பட்டறையைச் சாத்திக்கொண்டு, மூன்று வாரம், கெட்டியான எவர்சில்வர் தகட்டை வளைத்து ஒரு டிரம் செய்தார். பற்றவைத்த தையல் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, மீன் செதில் அடுக்கினாற்போல் ஓடியது. மூடியின் விளிம்பு கையைக் கிழிக்கக்கூடாதென்று அரத்தால் தேய்த்து உருட்டியிருந்தார். மூடியின் பிடிக்கு, சூடு ஏறாமல் இருக்க மரக்கட்டை. ஆவியைக் குளிரவைத்து இறக்க மூடியிலிருந்து ஒரு குழாய். உள்ளே புல்லைத் தாங்க ஒரு சல்லடைத் தட்டு. அதைத் தூக்குவதற்கு இரண்டு பக்கமும் விரல் நுழைகிற வளையம். எல்லாம் நாலு கால் வைத்த ஒரு ஸ்டாண்டின் மேல்.

நான் பன்னிரண்டு வருடமாக ஒரு முக்காலி கேட்கிறேன்.

நான் குட்டை. எவ்வளவு குட்டை என்றால், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க எட்டாமல் பக்கத்தில் நிற்கிற என் வீட்டுக்காரரின் சட்டையைத்தான் பிடித்துக்கொள்வேன். எங்கள் வீட்டுச் சமையல் மேடை யாரோ ஒரு நெட்டச்சிக்குக் கட்டியது. பாத்திரம் துலக்கும் தொட்டியில் கையை விட்டால் தண்ணீர் முழங்கைவழியாக ரவிக்கைக்குள் வரும். மேல் அலமாரியில் எதை எடுக்கவேண்டுமானாலும் பழைய பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நிற்கவேண்டும். வெல்டரின் பெண்டாட்டி பெயிண்ட் டின்னில் நிற்கிறாள் என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நான் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டேன்.

ஓரகத்தி உயரம். அவளுக்கு மனசுக்குள் நான் வைத்த பெயர் ஒட்டகச்சிவிங்கி. முகத்துக்கு நேரே அம்மாடி, கண்ணு என்றுதான் கூப்பிடுவேன். அவளும் அக்கா, அக்கா என்று என்னைச் சுற்றி வருவாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

டிரம் மாடிக்கு வந்த அன்று அவள் அதன் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, மாமா, இது மெஷின்ல போட்ட மாதிரி இருக்கு என்றாள். என் வீட்டுக்காரரின் காது சிவந்துபோயிற்று. கல்யாணத்தன்று தாலி கட்டும்போது சிவந்த காது. அதற்குப் பிறகு அந்தக் காது சிவந்து நான் பார்த்ததில்லை. என் வயிறு எரிந்தது என்று சொன்னால் சும்மா பேச்சுக்குச் சொல்வதாக நினைப்பீர்கள். நிஜமாகவே எரிந்தது, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

டிரம்முக்கு இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. தீ வேண்டாம், கரண்டில் சுடவேண்டும் என்பதால் அதற்கு ஹீட்டர் கம்பி பொருத்தவேண்டும். அதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. நான் ஏழு வருடமாக ஹீட்டர் கடையில் வேலை செய்கிறேன். வெந்நீர் ஹீட்டர், டீக்கடை பாய்லர், ஆஸ்பத்திரியில் கருவிகளை வேகவைக்கும் பெட்டி, எல்லாவற்றின் கம்பியும் என் மேஜைக்குத்தான் வரும். கம்பி என்றால் வெறும் கம்பி இல்லை. செப்புக் குழாய்க்குள் வெள்ளைப் பொடி அடைத்து, அதன் நடுவே சுருள் ஓடும். அது தண்ணீருக்குள் முழுகியிருக்கும்வரை நூறு வருடம் உழைக்கும். தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டால் சில நிமிடத்தில் சிவந்து, வெடித்துச் செத்துப்போகும். என் மேஜைக்கு வருகிற பத்துக் கம்பியில் ஆறு அப்படிச் செத்தவைதான்.

டிரம்மின் சுவர் வளைவானது. ஒழுகாமல் அடைக்கிற வாசர் வளைவில் உட்காராது. அதனால் ஓட்டை போட்டு, அதில் திருகு வைத்த வளையம் ஒன்றைப் பற்றவைத்து, அதற்குள் கம்பியை முறுக்கிவிடவேண்டும். ஓட்டை எந்த உயரத்தில் என்று ஓரகத்தி கேட்டாள். என் வீட்டுக்காரர் மார்க்கர் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"கம்பி விஷயம் உங்க அக்காவுக்குத்தான் தெரியும். அவ புள்ளி வைக்கட்டும்."

புள்ளி அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில் வைக்கவேண்டும். அது கடையில் டீ வாங்கி வருகிறவருக்குக்கூடத் தெரியும். தண்ணீர் எட்டு விரல் நிற்கும், மூன்று மணி நேரம் கொதித்தால் பாதிக்கு மேல் ஆவியாகிவிடும், அப்போதும் கம்பி முழுகியிருக்கவேண்டும். நான் உட்கார்ந்து, டிரம்மின் மேல் விரலை அடுக்கி அளந்தேன். மூன்று விரல் வந்தது. அந்த நேரம் பார்த்து ஓரகத்தி, வீட்டிலேயே இருந்த தங்கத்தை விட்டுவிட்டு வெளியில் யார் யாரிடமோ விலை கேட்டுக்கொண்டிருந்ததாகவும், மாமாவின் கைக்கு முத்தம்தான் கொடுக்கவேண்டும் என்றும் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

நான் ஏழாவது விரலில் புள்ளி வைத்தேன்.

முழுச் சுயநினைவோடுதான் வைத்தேன். தண்ணீர் எட்டு விரல், கம்பி ஏழில். ஆரம்பத்தில் நன்றாகத்தான் வேலை செய்யும். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் இறங்கி, கம்பி வெளியே வந்து சிவக்கும். மேலே சல்லடையும் புல்லும் மூடியிருப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது. புல் தீயும், கம்பி போகும், சோப்புக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்குவார். கம்பி என்றால் எரியத்தான் செய்யும் என்று நான் சொல்லிவிடலாம். ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுக்க ஒரு பேனாப் புள்ளி போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் ஏன் இவ்வளவு மேலே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழித்துவிட்டுக் கீழே வைத்திருப்பேன். கேட்கவில்லை. என் தொழிலில் அவர் வாய் வைப்பதில்லை. டிரம்மைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மறுநாள் அதே மீன் செதில் தையலோடு வளையத்தைப் பற்றவைத்துக் கொண்டுவந்தார். நான் வைத்த பொய்யைச் சுற்றி அவ்வளவு அழகான வெல்ட்.

வியாழக்கிழமை வேலை முடிந்து, கடையிலிருந்து இரண்டாயிரம் வாட்ஸ் கம்பியும் சிலிகான் வாசரும் வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். விடிந்தால் சோப்புக்காரர் வருகிறார். கம்பியைச் செருகி, வாசரை உட்காரவைத்து, ஸ்பேனரால் முறுக்கினேன். எர்த் வயரை டிரம்மின் காலில் சேர்த்துக் கட்டினேன். மனசில் எவ்வளவு விஷம் இருந்தாலும் எர்த் கொடுக்காமல் விடுகிற ஜன்மம் நான் இல்லை. பிறகு நின்றவாறு தண்ணீரை ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

அப்படி நிற்கும்போது ஏதோ ஒன்று வழக்கம்போல் இல்லை என்று தோன்றியது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. மூடியைத் திறந்தேன், மூடினேன். சல்லடையைத் தூக்கினேன், வைத்தேன். தோளைத் தூக்கவேண்டியிருக்கவில்லை. எக்கவேண்டியிருக்கவில்லை. என் முழங்கை இயல்பாகத் தொங்கிய இடத்தில் மூடியின் பிடி இருந்தது. இந்த வீட்டில் எந்தச் சாமானும் என் கைக்கு இப்படி வந்ததில்லை. உயரத்தைக்கூட அவளுக்குப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார் என்று நினைத்து இன்னும் எரிந்தேன். பொறாமை வந்துவிட்டால் மூளை எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு இதுதான் அளவு.

ஓரகத்தி புல்லை அரிந்து கூடையோடு வந்தாள். நாளைக்கு முன்னால் ஒரு தரம் வடித்துப் பார்த்துவிடலாம் என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை. புல்லை அடைத்தோம், மூடியைப் பூட்டினோம், சுவிட்சைப் போட்டேன். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். மணி ஐந்தேகால்.

இருபது நிமிடத்தில் குழாயின் முனையில் முதல் சொட்டு விழுந்தது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மேல் மஞ்சளாக எண்ணெய் மிதக்க ஆரம்பித்தது. துளி தீய்ந்த வாடை இல்லை. அறை முழுக்க வாசனை. அவள் டம்ளரை என் மூக்கருகே நீட்டி, முதல் எண்ணெய் உங்களுக்குத்தான் அக்கா என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஐந்து ஐம்பதுக்கு அவள் மூடியின் ஓரத்தில் ஆவி கசிகிறதா என்று பார்க்கக் குனிந்தாள். பாதியாக மடிந்து குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முனகினாள்.

"மாமா எல்லாம் நல்லாத்தான் செஞ்சாரு. உயரம் மட்டும்தான் ரொம்பக் குட்டையாப் போச்சு. அளவெடுத்துக்கோங்க மாமான்னு எத்தன தடவ சொன்னேன். வேணாம், எனக்குத் தெரியும்னுட்டாரு."

அவளைப் பார்த்தேன். டிரம்மைப் பார்த்தேன். என் முழங்கையைப் பார்த்தேன்.

மணி ஐந்து ஐம்பத்தைந்து. புல்லுக்கு அடியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அது எந்த விரலில் நிற்கிறது என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். எட்டி பிளக்கைப் பிடுங்கினேன். ஏன் அக்கா என்றாள். கொஞ்சம் ஆறட்டும், நான் வருகிறவரை சுவிட்சில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். செருப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை.

பட்டறையில் அவர் ஒரு ஜன்னல் கிரில்லின் மேல் குனிந்திருந்தார். நான் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் முகமூடியைத் தூக்கிப் பார்த்தார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்த முகம். ஏனென்றால் நான் அங்கே வருவதில்லை. சாவியோ சாப்பாட்டு டப்பாவோ கொடுக்க வந்தால் வாசலோடு சரி.

டிரம்மில் புள்ளி தப்பாகிவிட்டது, நாலு விரல் கீழே வைத்திருக்கவேண்டும் என்று சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார்.

"தெரியாம வச்சியா, தெரிஞ்சு வச்சியா?"

"தெரிஞ்சுதான்."

அவர் கையுறையை ஓரமாக வைத்தார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதற்கு நான் தயாராகத்தான் வந்திருந்தேன். அவர் சும்மா இருந்ததால் நானே எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று வாரம் அவளுக்கு. மரப்பிடி, உருட்டிய விளிம்பு, விரல் வளையம். எனக்குப் பன்னிரண்டு வருடமாக மூன்று காலும் ஒரு பலகையும் கிடைக்கவில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் காது சிவக்கிறது. நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கம்பி மாட்டவேண்டும். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

"அவ தொட்டுப் பாத்தா. நல்லாருக்குன்னு சொன்னா," என்றார் அவர். "நீ இந்தப் பட்டறைக்குள்ள கால் வச்சதே இன்னிக்குத்தான்."

அது உண்மை. அந்த உண்மை நேராக வந்து உறைத்தது. எங்கள் வீட்டுக் கேட்டே அவர் செய்ததுதான். தினமும் அதைத் திறந்து மூடுகிறேன், ஒருநாளும் அதன் தையலைப் பார்த்ததில்லை. என் மேஜையில் செத்த கம்பியை எப்படி உயிர்ப்பிக்கிறேன் என்று அவரும் வந்து பார்த்ததில்லை. அதை அப்போது சொல்லிச் சண்டையை நீட்டியிருக்கலாம். எனக்கு வேறொன்று தெரிந்தாகவேண்டியிருந்தது.

டிரம்முக்கு யாரை நிறுத்தி உயரம் அளந்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"அதுக்கு எதுக்கு அளவு? ஒரு பொம்பள நின்னு வேலை செய்யிற உயரம் எனக்குத் தெரியாதா?"

சொல்லிக்கொண்டே அவர் உள்ளங்கையைப் படுக்கைவாட்டில் காற்றில் வைத்துக் காட்டினார், தன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. யோசிக்காமல், விளக்குச் சுவிட்சுக்குக் கை போவதுபோல் அந்த உயரத்துக்குக் கை போயிற்று. நான் இரண்டு அடி எடுத்து வைத்து அவர் பக்கத்தில், பஸ்ஸில் நிற்கிறாற்போல் நின்றேன். என் முழங்கை அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

அவர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். காது மெல்லச் சிவந்தது.

"சரி வா. இருட்டறதுக்குள்ள முடிச்சிடலாம்," என்றார்.

கம்பியைக் கழற்றி, தண்ணீரை வடித்து, மூன்று விரல் உயரத்தில் நான் புதுப் புள்ளி வைக்க, அவர் மெஷின்களை மாடிக்கே கொண்டுவந்து ஓட்டை போட்டு இன்னொரு வளையம் பற்றவைத்தார். இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நின்று, கறுப்புக் கண்ணாடி வழியாகத் தையல் ஓடுவதை முழுக்கப் பார்த்தேன். மேலே இருந்த பழைய வளையத்துக்கு ஒரு மூடி போட்டு அடைத்தார். அது எதற்கு மாமா என்று ஓரகத்தி கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். தெர்மாமீட்டர் சொருகுவதற்கு என்று அவர் சொன்னார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை சோப்புக்காரர் வந்து, மூன்று தரம் முகர்ந்து பார்த்து, மாதம் இரண்டு லிட்டர் என்று பேசி முடித்துவிட்டுப் போனார். மறுவாரம் ஓரகத்தி நிஜமாகவே ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவந்து மேல் வளையத்தில் சொருகினாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுருங்கும். பொறாமை போயிற்றா என்று கேட்டால், இல்லை. அவள் அந்த மூடியில் கையை வைக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனால் இப்போது எரிவது என் சாமானை இன்னொருத்தி புழங்குகிறாளே என்று.

ஞாயிற்றுக்கிழமை அவர் நாலு துண்டுக் குழாயோடு மாடி ஏறினார். ஓரகத்திக்கு இடுப்பு வலி தாங்கவில்லையாம், டிரம்மின் காலை நீட்டி வெல்ட் வைக்கப்போகிறாராம். நான் பின்னாலேயே ஏறிப் போய்க் குறுக்கே நின்றேன்.

"கால்ல கை வைக்காதீங்க. செங்கல் வச்சுக்கலாம்."

செங்கல்லை நானே கீழேயிருந்து தூக்கி வந்தேன், காலுக்கு இரண்டு, மொத்தம் எட்டு, இரண்டு நடை. அவர் டிரம்மைச் சாய்த்துப் பிடித்தார், நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செருகினேன். ஓரகத்தி நிமிர்ந்து நின்று மூடியைத் திறந்து பார்த்து, இப்போது சரியாக இருக்கிறது என்றாள். ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"இவ்வளவு அழகா செஞ்சுட்டு, கீழ செங்கல்லாக்கா? மாமா ஒரு வெல்ட் வச்சா முடிஞ்சுதே."

"செங்கல்னா என்னிக்கு வேணும்னாலும் எடுத்துடலாம்," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. ஏற்கெனவே பார்த்துவிட்ட மட்டத்தைக் குனிந்து இன்னொரு தரம் பார்க்க ஆரம்பித்தார். முக்காலிக்கு மூன்று போதும், இருந்தாலும் அந்த நாலு துண்டுக் குழாயையும் நான் எடுத்துக்கொண்டு கீழே வந்தேன்.